மூன்று பேரும் சேர்ந்து

சின்னமனூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், மாலை வெயில் கம்ப்யூட்டர் திரைமேல் சாய்ந்து கிடக்கிறது. நர்ஸ் பாண்டீஸ்வரி ஒரு தாயின் பெயரையும், காலையில் பிறந்த அவளுடைய இரட்டைக் குழந்தைகளின் எடையையும் தட்டி முடிக்கிறாள். போன மாதம் இதேபோல் வேறொரு தாயின் இரட்டைக் குழந்தைகளைப் பதியும்போது கரண்ட் போய், தாயின் பதிவும் ஒரு குழந்தையின் பதிவும் மட்டும் ஏறின. விடுபட்ட குழந்தைக்குத் தடுப்பூசி தவறிப்போனது. அதனால் புரோகிராமை மாற்றி எழுதி வந்திருக்கும் பெனாசிர், மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடித்திருக்கிறாள். "சேவ் அமுக்குங்கக்கா." பாண்டீஸ்வரி அமுக்க, பதிவு ஏறி முடிவதற்குள் பெனாசிர் பிளக்கைப் பிடுங்குகிறாள். திரை அணைகிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு, பாண்டீஸ்வரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடுகிறாள். "ஆத்தாடி, தாயவும் காணம், பிள்ளைகளவும் காணம்!" "அதுதேன்க்கா வேணும். மூணு பேரும் சேந்து வந்தாத்தேன் உள்ள விடும். ஒரு ஆளு வெளிய நின்னுட்டாலும் ஒருத்தரையும் விடாது." பாண்டீஸ்வரி நம்பாமல் திரும்பத் தட்டுகிறாள். இப்போது பெனாசிர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். திரையில் மூன்று வரிகளும் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. பாண்டீஸ்வரி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் நுழைகிறாள். "சும்மா ஏதாச்சும் பேரு போட்டு அமுக்குத்தா. இந்தவாட்டி நான் பிடுங்குறேன்."