பதினாலாம் துண்டு

தோட்டச் சங்கத்தின் கடிதத்தை வாசித்ததும் கமலராணியின் முகம் சுருங்கியது.

“இந்த வருசமும் எங்களுக்குத் தோட்டத்துண்டு இல்லையாம்.”

புலம்பெயர்ந்து வந்த லாச்சப்பலின் ஐந்தாம் மாடி ஒற்றை அறையில், பயிர்செய்ய ஒரு நிலத்துண்டுக்காக ஆறு வருடமாகக் காத்திருக்கிறார்கள். பட்டியலில் அடுத்தது அவள் கணவர் தவரத்தினத்தின் பெயர்தான்.

“பதினாலாம் துண்டுக்காரக் கிழவர் மூண்டு மாசமாய் ஆசுப்பத்திரியிலை. பராமரிக்காத துண்டை அடுத்த ஆளுக்குக் குடுக்கிறதுதானே சட்டம்?”

“ஓமப்பா.”

“சங்கக்காரர் வந்து பாத்தவையாம். ஒரு களைப்புல்லுக்கூட இல்லையாம். போஞ்சிக் கொடிக்குத் தடி ஊண்டி, தண்ணியும் விட்டிருக்காம். எந்த நாசமாய்ப் போனவன் செய்தவன்?”

தவரத்தினம் எட்டிக் கடிதத்தைப் பார்த்தார்.

“சரி, சாப்பிட வாங்கோ.”

கைகளைக் காட்டாமல் எழுந்தார். வாடிக் கிடந்த போஞ்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா வர அவரால் முடிந்திருக்கவில்லை. நகக்கண்ணில் பதினாலாம் துண்டின் மண் இன்னும் ஈரமாய் இருந்தது.