ரெண்டு மீட்டர், ஒரு நாற்காலி

"இவரோட மீட்டர்தான் மேடம் பொய் சொல்லுது" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"பொய் சொல்றது மீட்டர் இல்ல மேடம். போன மாசம் வரைக்கும் ஒழுங்கா இருந்த என் மீட்டரைக் குறை சொல்ற வாய்தான்" என்றார் சின்ன மாப்பிள்ளை.

மீட்டர்காரம்மா இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அச்சடித்த நிறத்தை அளக்கும் கருவி ஒழுங்காக அளக்கிறதா என்று அச்சகம் அச்சகமாகப் போய்ச் சரிபார்ப்பது அவள் வேலை. போகிற இடத்தில் குடும்பச் சண்டையையும் பார்க்க வேண்டிவரும் என்று வேலைக்குச் சேர்த்தபோது யாரும் சொல்லவில்லை.

நடுவில் மாமனார், முதலாளி நாற்காலியில், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீயே பாரும்மா. இந்த நாற்காலியை இவங்கள்ல ஒருத்தர்கிட்டக் கொடுத்துட்டு வீட்டுல போய்க் காலை நீட்டலாம்னு இருக்கேன். யார் வேலை சுத்தமோ அவருக்குன்னு சொல்லிட்டேன். காலை ஷிஃப்ட் பெரியவர், சாயங்காலம் சின்னவர். இவர் அடிச்சதை அவர் மீட்டர் ஃபெயில்ங்குது. அவர் அடிச்சதை இவர் மீட்டர் ஃபெயில்ங்குது. நான் யாருக்குக் கொடுக்கறது, சொல்லு?"

மூலையில் பச்சை நிற சோப்பு அட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளைகள் மாறி மாறி ஃபெயில் என்று ஒதுக்கியவை.

பெண்ணையும் கொடுத்து, பிழைப்பையும் கொடுத்து, கூடவே தலைவலியையும் வாங்கிக்கொண்ட மனுஷன். அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. மாப்பிள்ளைகளைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"வேலை ஆரம்பிக்கும்போது மீட்டரை வெள்ளைத் தகட்டுல வச்சு சரிபண்றீங்களா?"

"தினமும்!" என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"அந்தத் தகடுங்க எங்கே?"

"என் டிராயர்லதாம்மா" என்றார் மாமனார். "தூசி படக்கூடாதாமே. நானே பூட்டி வச்சு, நானே எடுத்துக் கொடுக்கறேன். மத்தபடி இந்த நம்பர் கிம்பரெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியாது."

உள்ளங்கை அளவு வெள்ளைத் தகடுகள் இரண்டு வந்தன. அவள் கையுறை மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தாள். பின்னால் பொடி எழுத்தில் நம்பர். மீட்டரின் அடியிலும் நம்பர். பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"இந்தத் தகடு அந்த மீட்டரோடது. அந்தத் தகடு இதோடது. மாறிப் போயிருக்கு."

"ரெண்டும் வெள்ளைதானே மேடம்?"

"உங்களுக்கு வெள்ளை. மீட்டர் அதோட சொந்தத் தகட்டைத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும். அடுத்ததோட தகட்டைக் காட்டினா ஒண்ணு கூட்டிச் சொல்லும், ஒண்ணு குறைச்சுச் சொல்லும்."

தகடுகளை மாற்றி வைத்துச் சரிசெய்தாள். குவியலிலிருந்து ஓர் அட்டையை உருவி இரண்டு மீட்டரிலும் அளந்தாள். ஒரே எண். இன்னும் சிலதை உருவினாள். பெரியவர் அடித்ததும் பாஸ், சின்னவர் அடித்ததும் பாஸ்.



"சகலை, மன்னிச்சுடுங்க" என்றார் பெரியவர். "நீங்க கண்ணை மூடிக்கிட்டு மெஷின் ஓட்டறீங்கன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

"அட விடுங்க. நான் சொன்னதைக் கேட்டா நீங்க இங்கேயே அடிப்பீங்க."

சின்னவர் குரல் உடைந்துவிட்டது. இந்தச் சண்டையில் அக்காளும் தங்கையும் போனில்கூடப் பேசுவதில்லையாம். பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, இனிமே போட்டியே வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்கறோம். நீங்க நாளையிலேருந்து வீட்டுல நிம்மதியா இருங்க."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளையிலேருந்தேவா?" என்றார் தழுதழுத்து. "முதல் தேதி பொறக்கட்டுமே மாப்பிள்ளை."

 இனி மாறவே கூடாது என்று மீட்டர்காரம்மா பையிலிருந்து ஸ்டிக்கர் எடுத்தாள். ஒரு மீட்டருக்கும் அதன் தகட்டுக்கும் சிவப்புப் பொட்டு, இன்னொரு ஜோடிக்கு நீலப் பொட்டு.

"நம்பரே பார்க்க வேண்டாம் சார். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். சின்னப் பிள்ளைகூடத் தப்பு பண்ண முடியாது."

"நல்லா இரும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மாமனார்.

ஒரு குடும்பத்தையே ஒட்டவைத்த பெருமையில் வாசல்வரை வந்தவளுக்கு, கையுறையை மறந்தது நினைவு வந்தது. திரும்பி நடந்தாள். மெஷின் அருகே சகலைகள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே மாமனார் மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல் தகட்டின் பின்பக்க நம்பரைப் படித்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு சிவப்புப் பொட்டை நகத்தால் நோகாமல் உரித்து நீலப் பொட்டு இருந்த தகட்டில் ஒட்டினார். நீலப் பொட்டை இதில் ஒட்டினார்.

நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"கையுறையாம்மா? அதோ இருக்கு. அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போ. இந்த மெஷினையெல்லாம் எங்கே நம்ப முடியுது!" என்றபடி பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.