இரும்பு அலமாரியில் கரையான்

"அக்கா, இந்தக் கதையில வர்ற நாடு எங்கே இருக்கு? என் அட்லஸ்ல காணோமே!"

ஒரு குழந்தை அப்படிக் கேட்டு வருஷம் இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. "எங்கேயும் இல்லடா கண்ணு, சும்மா கற்பனை" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார் நூலகர். இன்று நூலக வாசலில் ஜீப் வந்து நின்றபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தை கேட்ட மறுநாளே அந்த நாவலின் முதல் பக்கம், வரைபடத்தோடு காணாமல் போயிருந்தது. அன்றைய நூலக மேலதிகாரி கண்ணை உருட்டினார். குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றது.

"கரையான் சார்" என்றார் நூலகர். இரும்பு அலமாரியில் கரையான் எப்படி ஏறியது என்று அந்த மனிதர் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் ஒரு புண்ணியம்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி விறைப்பாக உள்ளே வந்தார். இரண்டாவது அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலேயே விளக்கைப் போட்டார். புதிதாக வருகிறவர்கள் அந்த சுவிட்சைத் தேடித் திண்டாடிப் போவார்கள்.

'சுவிட்ச் இருக்கிற இடம்கூடத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. அரசாங்கம்னா சும்மாவா!' என்று நூலகர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

கூட வந்த காவலர் உத்தரவைப் படித்தார். "அரசு ரகசியங்களை அம்பலப்படுத்தியதால இந்த நாவலுக்குத் தடை. வச்சிருக்கிறவங்களுக்கு ஏழு வருஷம்."

"எழுதினவர் செத்தே எழுபது வருஷம் ஆச்சுங்களே" என்றார் நூலகர்.

"காலை அறிவிப்பைக் கேட்டுச் சிரிக்காதவங்களைப் பக்கத்து வீட்டுக்காரங்க காட்டிக் கொடுக்கணும்னு போன மாசம்தான் உத்தரவு போட்டோம். அது அப்படியே இந்த நாவல்ல இருக்கு. செத்தவனுக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியும்?" என்றார் காவலர்.

"நானும் அதைத்தாங்க யோசிக்கிறேன்."

காவலர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மேடம், யோசிக்கிறாங்களாம். அதையும் சேர்த்து எழுதிக்கட்டுமா?"

"முதல்ல பின்னாடி இருக்கிற கிடங்கைப் போய்ப் பாரு" என்றார் அதிகாரி.

ஊரில் மிச்சமிருந்த ஒரே பிரதி கிடங்கில் இல்லை. 'அரசு வெளியீடுகள்' அலமாரியில், தலைவரின் சொற்பொழிவுத் தொகுதிகளுக்கு நடுவே இருந்தது. அந்த அலமாரியை இதுவரை ஒரு வாசகரும் தொட்டதில்லை. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

அதிகாரியின் கண் ஒவ்வொரு அலமாரியாக நகர்ந்து வந்து அங்கேயே நின்றது. அவர் தொப்பியைக் கழற்றினார். ஆணியில் மாட்டுவதுபோல் சுவரிலிருந்த கண்காணிப்பு காமிராவின் மேல் மாட்டினார்.

அடி விழுவதைக் காமிரா பார்க்கக் கூடாது போலிருக்கிறது. அரசாங்கத்துக்குத்தான் எவ்வளவு கூச்சம்! நூலகர் கண்களை மூடிக்கொண்டார். 'ஆண்டவனே, இந்தப் புத்தகத்தைக் காப்பாத்து' என்று வேண்டினார். ஒரு கணம் கழித்து, 'முடிஞ்சா என்னையும்' என்று சேர்த்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது நாவல் அதிகாரியின் கையில் விரிந்திருந்தது. முதல் பக்கம் கிழிந்துபோன இடத்தை அவர் விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்கே ஒண்ணும் இல்ல மேடம்!" கிடங்குக்குள்ளிருந்து காவலரின் குரல் வந்தது. "அங்கே கிடைச்சுதா?"

நூலகர் கிடங்குக் கதவையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பிரதி இருந்திருக்கு" என்றார் அதிகாரி உரக்க. "கரையான் தின்னுடுச்சு. அப்படியே எழுதிக்க."

"இரும்பு அலமாரியில கரையானா மேடம்?"

"என்னப்பா, யோசிக்கிறியா?"

"ஐயய்யோ, இல்ல மேடம்!" பின்வாசல் வழியாகக் காவலர் ஜீப்பை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது.

அதிகாரி தன் அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை உருவினார். பல மடிப்புகளாக மடித்திருந்த அதைப் பிரித்து, நாவலின் முதல் பக்கமாக வைத்தார். புத்தகத்தைத் தலைவரின் சொற்பொழிவுகளுக்கு நடுவே பழையபடி செருகினார்.

தொப்பியை எடுக்கக் கை நீட்டியவர், எடுக்கும் முன் திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்து வந்தது.

"அந்த நாடு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன், அக்கா."