கத்தரிச் செடிக்கு ஒரு வேலி

தோட்டத்தைச் சுற்றிக் குழி தோண்டி ஐந்து நாளாயிற்று. அந்தக் குழிகளில் யார் இறங்குவது என்று இரும்பு வேலியும் மர வேலியும் சுவரில் சாய்ந்தபடி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கேட்டுக் கேட்டுக் கத்தரிச் செடிக்கு அலுத்துவிட்டது. பூவெடுத்திருந்த ஒரே கிளையை நேற்றுத்தான் வெள்ளாடு கடித்துவிட்டுப் போயிருந்தது.

“உன்னைக் கறையான் தின்னும்” என்றது இரும்பு.

“உன்னைத் துரு தின்னும்” என்றது மரம்.

“என்னை ஆடு தின்னுதுய்யா. யாராவது ஒருத்தர் இறங்கித் தொலைங்களேன்” என்றது செடி.

“இப்ப அவசரப்படுத்துவே. அப்புறம் நீயே குறை சொல்லுவே” என்றது இரும்பு.

அந்த நேரம் பார்த்து வெள்ளாடு வந்தது. செடியில் இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டது.

“வேலின்னா சும்மாவா? நாலு பேரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்” என்றது.

“அதுதான் நியாயம்” என்றன வேலிகள். ஐந்து நாளில் அவை ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

செடிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் ஓர் இலைதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வெள்ளாடு சொன்ன சொல் தவறாமல் வந்தது. கூடவே இன்னும் மூன்று ஆடுகளை அழைத்து வந்திருந்தது.