ரயிலுக்காக வெட்டின பாட்டு

"ஏ நந்தினி, பாட்டே இல்லாத படம்னு எழுதிக்கிறியேடி, அந்தப் படத்துல பாட்டு இருக்குது! நானே பாத்தேன்!"

ஈஸ்வரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திலகவதி வீட்டு வாசலில் நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. இன்னொன்று ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"காலங்காத்தால இன்னாக்கா சத்தம்?" என்று திலகவதி ஓடி வந்தாள். "மீஞ்சூர்லர்ந்து ஞாயித்துக்கிழம எம்பொண்ணுக்குப் பூ வைக்க வராங்க. நாலு பேரு காதுல வுழுந்தா இன்னா ஆவுறது?"

"வுழட்டுமே. உம்பொண்ணு எழுதுனதத்தான் சொல்றேன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. படம் பார்த்தவர்கள் அதில் அஞ்சுக்கு எத்தனை மார்க் என்று போட்டு, இரண்டு வரி கருத்தும் எழுத வேண்டும். அட்மின் ஈஸ்வரி. திலகவதியின் மகள் நந்தினி எழுதினால் தெருவே சிரிக்கும். 'ஹீரோ அழுதார். டிக்கெட் எடுத்தவர்களும் அழுதார்கள். ஒன்றரை' என்பாள். பக்கத்து மாடியில் வாடகைக்கு இருக்கும் லேத் ஆபரேட்டர் குணா உடனே நாலு மார்க் போட்டு வம்புக்கு வருவான். அவர்கள் இரண்டு பேரும் குழுவில் போடுகிற சண்டைக்குப் பிறகுதான் பலருக்குத் தூக்கமே வரும்.

"பாட்ட மறந்திருப்பா. அதுக்கு இப்ப இன்னாக்கா?" என்றாள் திலகவதி.

"மறக்கல. பாக்கல. படத்துல இருந்ததே ஒரு பாட்டு, இடைவேளைக்கு அப்புறம் வரும். நான் காலை ஷோ போனேன், முழுசாப் போட்டான். சாயங்கால ஷோவுலதான் அத வெட்டுவான்."

அது தெருவுக்கே தெரிந்த விஷயம். பாட்டு ஓடினால் படம் முடிய நேரமாகும். கம்பெனி ஆட்கள் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டர்காரர் சாயங்காலக் காட்சிக்கு மட்டும் ஒரு பாட்டைக் கழித்துவிடுவார்.

"இவ 'பாட்டு இல்லாதது நிம்மதி'ன்னு எழுதிக்கிறா. அந்த குணாவும் 'பாட்டே வைக்காத டைரக்டருக்கு நன்றி'ன்றான். தெருவுல வேற யாருமே அப்டி எழுதல. ரெண்டு பேரும் ஒரே சாயங்கால ஷோ! குரூப்புல சண்ட போடுறதெல்லாம் சும்மா, நம்ம கண்ணுல மண்ணத் தூவ!"

இப்படிக் கண்டுபிடித்ததில் ஈஸ்வரிக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் அந்த மீஞ்சூர் மாப்பிள்ளை அன்புசெல்வனின் ஜாதகம் முதலில் அவள் மகள் அருணாவுக்குத்தான் வந்தது, பிறகு பதிலே வரவில்லை. அவ்வளவுதான்.

அருணாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஈஸ்வரிக்கு மூச்சு வாங்காது. "எம்பொண்ணுக்கு சினிமா கினிமா ஒண்ணும் தெரியாது. கையில பட்டன் போன்தான். தையல் கிளாஸ் உண்டு, ஊடு உண்டு. கல்யாண ஆர்டர் இருந்தா டீச்சர் சாயங்காலம் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிக்கும், அதோட சரி." அந்தப் பெண் தெருவில் பேசுவதே காலையில் குழாயடியில் நந்தினியோடு மட்டும்தான். இனி அதையும் நிறுத்திவிடுவது என்று ஈஸ்வரி முடிவு செய்திருந்தாள்.

திலகவதி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நந்தினி! சொல்லுடி. போனியா?"

நந்தினி பல் துலக்கிய வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த மாசம் பூரா எனக்கு ரெண்டாவது ஷிப்டும்மா. சாயங்கால ஷோ ஓடுற நேரம் நான் கம்பெனிக்குள்ள இருக்கேன். கேட்டுல கைரேக வெச்சிட்டுத்தான் உள்ளயே போவணும். மீஞ்சூர்காரங்களுக்கு டவுட்டு இருந்தா கம்பெனில வந்து கேக்கட்டும்."

திலகவதிக்கு உயிர் வந்தது. "கேட்டுக்கினியாக்கா?"

ஈஸ்வரி விடுவாளா? "அப்ப படமே பாக்காம மார்க் போட்டியா?"

"எனக்கு எங்க அத்தே நேரம்? பாத்தவங்க சொல்லுவாங்க. நான் டைப் பண்ணுவேன். மார்க்கும் அவங்க போடுறதுதான்."

"இத்தினி நாளா நாங்க சிரிச்சது இன்னொருத்தி எழுத்துக்கா? அப்போ குணா பக்கத்துல ஒக்காந்துகினு படம் பாத்தவ ஒருத்தி இருக்கா! யார்டி அவ?"

நந்தினி மறுபடி வாயைத் துடைத்தாள்.

"சொல்லுடி!"

"வாணாம் அத்தே. பேரச் சொன்னா யாருக்கும் நல்லாருக்காது."

"இன்னாத்துக்கு வாணாம்? தெருவுக்கே தெரியட்டும். எந்த ஊட்டுப் பொண்ணா இருந்தா இன்னா? பொண்ண தியேட்டருக்கு அனுப்பிட்டு ஆத்தாக்காரி ஊட்ல இன்னா புடுங்கிக்கினு இருந்தாளாம்? அவள நிக்க வெச்சி நாலு கேள்வி கேக்க வாணாமா?"

நந்தினி குழாயடிப் பக்கம் திரும்பினாள். "தண்ணி வந்துடுச்சி அத்தே" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணியில் நந்தினிக்கும் அன்புசெல்வனுக்கும் கல்யாணம் நடந்தது. அவள் மீஞ்சூருக்குக் குடிபோனாள். குழுவில் சிரிப்பு நின்றுபோயிற்று. அதே வாரம் குணாவும் மாடியைக் காலி செய்துவிட்டுக் கவரைப்பேட்டைப் பக்கம் போய்விட்டான் என்று பேச்சு. ஈஸ்வரி வீட்டுக் கதவு மூன்று நாள் சாத்தியே கிடந்தது. ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை இருந்தது.

நாலாவது நாள் குணாவின் நம்பரிலிருந்து குழுவுக்கு ஒரு விமர்சனம் வந்தது: 'ரயிலுக்காக வெட்டின பாட்டை இன்றைக்குத்தான் டிவியில் பார்த்தோம். தியேட்டர்காரர் தெய்வம். இரண்டு மார்க். அம்மா, தையல் மிஷினை மட்டும் கொடுத்தனுப்பு. அருணா.'