ஏழாவது பெஞ்சு

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நன்மை அப்பம் வாங்கும் வரிசை ஐந்தாவது பெஞ்சுக்கு வந்துவிட்டது. எங்களுடையது ஏழாவது.

எங்கள் பங்குக் கோயிலின் பொன்விழாப் பூசை. ஆயரே வந்து நன்மை கொடுக்கிறார். இன்றைக்காவது அவள் எழுந்து போவாளா?

கோயில் முழுக்கப் பாட்டு. எங்கள் பெஞ்சில் மட்டும் வாய் திறக்கவில்லை. கண்தான் திறந்திருந்தது, ஓரமாக, அவள் பக்கம்.

முப்பத்திநாலு வருஷமாக அவள் நன்மை வாங்கியதில்லை.

இந்தப் பங்கு நூல் குடோனில் நடந்த காலத்திலிருந்து பார்க்கிறோம். அப்போது நாற்பது பேர். சாக்கு விரித்து உட்காருவோம், எழுந்தால் சேலையெல்லாம் பஞ்சு. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கோயில் வந்தது. பனியன் கம்பெனிகள் பெருகின. தெற்கேயிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். இப்போது மாடிக் கோயில். லிப்ட் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பூசை, அதில் ஒன்று இந்தியில்.

ஊரே ஏறி நின்றுவிட்டது. அவள் சாக்கிலும் உட்கார்ந்திருந்தாள், பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறாள்.

புதுக் குடும்பம் எது வந்தாலும் முதலில் பால்காரரைச் சொல்வோம். அப்புறம் ரேஷன் கடை. அப்புறம் அவள்.

பெரிய கதை ஒன்றுமில்லை. கொத்தனார் ராக்கியப்பனைக் கட்டிக்கொண்டாள். அவர் இந்து. ரிஜிஸ்தர் ஆபீஸில் முடிந்தது. கோயிலில் நடக்காதது கல்யாணமே இல்லை, நன்மை கிடையாது என்றார் அன்றைய சாமியார். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் இளகினவர்கள். ஆயரிடம் அனுமதி வாங்கித் தருகிறோம், கோயிலில் வைத்து ஒரு தடவை முடித்துவிடலாம் என்றார்கள்.

ராக்கியப்பன் ஒப்பவில்லை.

"ஒருக்காக் கட்டியாச்சுங்க சாமி. எத்தனை தடவ கட்டறது?"

அவள் பக்கத்தில் நின்று சிரித்தாளாம்.

ஆனால் ஒரு ஞாயிறு தவறமாட்டார் மனுஷன். மொபெட்டில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடிகிறவரை வேப்பமரத்தடியில் நிற்பார். புதிதாக வந்தவர்கள் வாட்ச்மேன் என்று நினைத்து வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

பார்த்துக்கொள்வார்.

போன சித்திரையில் செத்துப்போனார்.

அப்பாடா, ஒரு வழியாய்த் தீர்ந்தது என்று நினைத்தோம். சொல்லக்கூடாது, ஆனால் நினைத்தோம். அவரே போனபின் தடை ஏது? சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும், பொன்விழாவுக்கு நன்மை வாங்கிவிடலாம்.

பங்குச்சாமி போன வாரம் அதைச் சொல்லத்தான் அவள் வீட்டுக்கு வந்தார். எங்களுடையது அவள் வீட்டை ஒட்டிய லைன் வீடு. நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. சுவரோரம் நின்றிருந்தோம், அவ்வளவுதான். எங்களில் மூத்த செலஸ்தீன் அக்கா மிக்சியை நிறுத்தினாள், கரண்டு மிச்சமாகட்டும் என்று.

"எல்லாத்தையும் சொல்லிடறேன் சாமி. பொய், கோவம், பொறாமை. அவரோட வாழ்ந்ததை மட்டும் விட்டுடறேன்."

"அதைச் சொல்லாம எப்படிம்மா? அதுக்குத்தானே மன்னிப்பு."

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

"அப்ப நான் உட்கார்ந்தே இருக்கேன் சாமி."

சுவருக்கு இந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. எங்களுக்கு அது புதுசு.

ஆசை இல்லாதவள் என்றால் பரவாயில்லை. வரிசையில் ஒவ்வொருவர் கையிலும் அப்பம் விழும்போது, அவர்கள் சொல்லும் ஆமெனை இருந்த இடத்திலிருந்தே உதட்டுக்குள் அவளும் சொல்வாள். ஒரு ஆள் விடமாட்டாள். ஒரு பூசைக்கு அறுநூறு ஆமென்.

இப்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஆறாவது பெஞ்சு காலியானது.

அவள் எழுந்தாள்.

பக்கத்தில் இருந்த பிலோமி என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல் கடித்தது.

அவள் நடைபாதைக்கு வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக நின்றாள்.

நாங்கள் போக வழி.

முப்பத்திநாலு வருஷமும் இப்படித்தான் நின்றிருக்கிறாள். முந்தானை உரச அவளைத் தாண்டிப் போயிருக்கிறோம், வந்திருக்கிறோம். அவளைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்ததேயில்லை.

இன்றைக்குப் பார்த்தோம்.

வருத்தம் இல்லை. வீறாப்பும் இல்லை. மொபெட்டிலிருந்து இப்போதுதான் இறங்கினவள் மாதிரி இருந்தாள்.

என்ன சொல்வது. இந்தக் கோயிலில் கிரானைட் உண்டு, இத்தாலியிலிருந்து வந்த மாதா சுரூபம் உண்டு. அண்ணாந்து பார்க்க வைத்தவள் அவள்தான்.

முன்னால் ஆயர் அப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். எதிரே ஆள் இல்லை.

போங்க, என்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முதலில் போகவேண்டியவள் செலஸ்தீன் அக்கா. சின்ன வயதில் புதுநன்மை எடுத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் விட்டதில்லை என்று அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அக்கா கால்களைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"காப்பி குடிச்சிட்டேன் பிள்ள. இன்னும் ஒரு மணி நேரம் ஆகல."

வாஸ்தவம்தான். நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் வாயில் படக்கூடாது.

பூசை தொடங்கியே ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"நானுந்தான்," என்றாள் பிலோமி.