ஏழு பேருக்கு ஒரு நிமிடம்

கண்டத்தின் பெரிய சபையில் நாடுகளுக்குத்தான் நாற்காலி. தன்னாட்சிப் பகுதிகள் ஏழு கூட்டுச் சேர்ந்து, பதினோரு வருடம் நடையாய் நடந்து, பேசுவதற்கு ஒரே ஒரு நிமிடம் வாங்கின. மலைப்பகுதியின் பிரதிநிதி வால்பூர்காவுக்குத்தான் முதல் வாய்ப்பு. அவள் ஊர் ரயிலை நிறுத்துவதா என்று அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. ஆனால் ஏழு பேரும் சம்மதித்த சொல் மட்டுமே உரையில் இருக்கலாம் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

"ரயில் என்று போட்டால் எங்கள் துறைமுகம் கோபித்துக்கொள்ளும், அம்மணி," என்றார் ஒருவர்.

"மலை என்றாலே எங்கள் சமவெளிக்கு ஆகாது," என்றார் இன்னொருவர்.

ஆளாளுக்கு அடித்துவிட்டது போக உரையில் மிஞ்சியதை வால்பூர்கா எழுந்து வாசித்தாள்: "மாண்புமிகு தலைவர் அவர்களே, நன்றி."

பின்வரிசையில் ஆறு பேரும் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

"இன்னும் ஐம்பத்தைந்து வினாடி இருக்கிறதே, அம்மா?" என்றார் தலைவர்.

அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். உட்காரவில்லை.